குப்பை சேகரிப்பு நிறுவனத்தின் விநியோகச் சங்கிலியில் கொத்தடிமை முறை நுழையாமல் தடுப்பது: வேலூர் வட்டாரத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு ஆளை வேலையில் கட்டிவைக்கப் பூட்டோ அடியாளோ தேவையில்லை. கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ கொடுத்த 20,000 ரூபாய் அட்வான்ஸ் போதும். "கணக்கைத் தீர்த்துட்டு எங்க வேணா போ" என்ற ஒரு சொல்லில் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லோரும் வருடக்கணக்கில் நின்றுவிடுவார்கள். வட ஆற்காட்டுக்கு இது பழகிய கதை. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் மரம் வெட்டும் இடத்திலும் ஊர் இதைப் பார்த்திருக்கிறது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து இருளர் குடும்பங்களைச் சேர்ந்த 42 பேர் மீட்கப்பட்டார்கள்.

குப்பைத் தொழிலில் அதே அட்வான்ஸ் வேறு வழிகளில் வருகிறது: மேன்பவர் காண்ட்ராக்டரின் கீழே உள்ள மேஸ்திரி வழியாக, தரம் பிரிக்கும் கொட்டகை வழியாக, காயலான் கடைக்காரர் வழியாக. மாநகராட்சி, நகராட்சி, மருத்துவமனை, கல்லூரி, தோல் தொழிற்சாலை ஆகியவற்றில் குப்பை எடுக்கும் ஒப்பந்தம் வைத்திருக்கும் நிறுவனங்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. உரிமையாளர், மனிதவளப் பிரிவு, கொள்முதல் செய்பவர், சூப்பர்வைசர் நால்வருக்கும் இதில் வேலை இருக்கிறது.

சட்டம் எதைக் கொத்தடிமை என்கிறது

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தை ஒருமுறை முழுசாகப் படியுங்கள். முன்பணம், கடன், பரம்பரைக் கடமை, சாதி வழக்கம் இவற்றில் ஒன்றின் பேரில் கீழே உள்ள நான்கில் ஏதாவது ஒன்று நடந்தாலே அது கொத்தடிமை:

- கூலியே இல்லாமல், அல்லது பெயரளவுக் கூலிக்கு உழைப்பது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுப்பது பெயரளவுக் கூலி.
- வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தை இழப்பது.
- நாட்டுக்குள் இஷ்டப்பட்ட இடத்துக்குப் போகும் உரிமையை இழப்பது.
- தன் பொருளையோ தன் உழைப்பில் கிடைத்த பொருளையோ சந்தை விலைக்கு விற்கும் உரிமையை இழப்பது.

நான்காவதைக் குப்பைத் தொழிலில் இருப்பவர்கள் பலரும் கவனிப்பதில்லை. கடைக்காரர் கொடுத்த அட்வான்ஸுக்காக, பொறுக்கிய பெட் பாட்டிலை அவரிடமே, அவர் சொன்ன விலைக்கே போட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் அது இந்த வரிக்குள் வருகிறது. பொறுக்குபவர் யாருக்கும் சம்பள ஆள் கிடையாது என்பது தப்பிக்க வழி ஆகாது.

குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்கும் உழைப்பு அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-ல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது. கட்டாய உழைப்பு நிரூபணமானால் அதன் பின்னால் முன்பணம் இருக்கிறது என்றே கருத வேண்டும் என்று 1983 டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு சொன்னது. வாங்கிய பணம் கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. பாண்டு பேப்பரில் கைநாட்டு இருக்கிறது, அவரே சம்மதித்தார் என்ற வாதம் நிற்காது. அந்த ஒப்பந்தமே செல்லாது.

இத்தனையையும் களத்தில் ஒரே கேள்வியாகக் கேட்கலாம்: இந்த ஆள் நாளை காலை வேறு வேலைக்குப் போனால் என்ன நடக்கும்? "ஒன்றும் நடக்காது, பாக்கிச் சம்பளம் கைக்கு வரும்" என்பது மட்டுமே சரியான பதில். இனி வரும் ஒவ்வொரு படியும் இந்தப் பதிலைச் சரிபார்க்கும் வேலைதான்.

1. சங்கிலியை வரையுங்கள்

ஒரு பெரிய சார்ட் தாளின் நடுவில் உங்கள் நேரடிச் சம்பளப் பட்டியலை எழுதுங்கள். இடப்பக்கம் உங்களுக்கு ஆளும் பொருளும் கொடுப்பவர்கள்: மேன்பவர் காண்ட்ராக்டர், டிப்பர் வாடகைக்கு விடுபவர், கையுறை, பூட்ஸ், சீருடை சப்ளையர், துடைப்பம் கொடுப்பவர், ஷெட் கட்டும் கட்டட காண்ட்ராக்டர். வலப்பக்கம் உங்கள் பொருள் போகுமிடம்: அட்டை எந்தக் கடை வழியாக எந்த பேப்பர் மில்லுக்கு, பால் கவரும் பெட் பாட்டிலும் எந்தக் கொட்டகை வழியாக எந்த அரைக்கும் யூனிட்டுக்கு, பழைய பேட்டரி எந்த ஈயம் உருக்கும் இடத்துக்கு, டயர் எங்கே, உடைந்த கம்ப்யூட்டர் எங்கே. ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் வேலை செய்தால் தோல் துண்டும், தோலைச் சீவும்போது விழும் ஷேவிங் தூளும் எங்கே போகிறது என்பதும் வேண்டும்.

ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஐந்து விவரம்: வேலை நடக்கும் இடம் (அலுவலக முகவரி போதாது), எத்தனை பேர், கூலியைக் கையில் கொடுப்பது யார், இரவு எங்கே தூங்குகிறார்கள், அவர்களை அழைத்துவந்தது யார். தெரியாத இடத்தில் "தெரியாது" என்றே எழுதுங்கள். சிவப்பு மையில் எழுதினால் இன்னும் நல்லது. முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள் அவைதான்.

மேஸ்திரி பெரும்பாலும் எந்தக் காகிதத்திலும் வரமாட்டார். ஒப்பந்தம் காண்ட்ராக்டர் பெயரில் இருக்கும். ஆளைத் திரட்டி, அட்வான்ஸ் கொடுத்து, லீவுக்குத் தலையாட்டுவது மேஸ்திரி. "முதல் நாள் உங்களைக் கூட்டிட்டு வந்தது யாரு? லீவு வேணும்னா யாருக்குப் போன் பண்றீங்க?" என்று கேட்டால் அவர் பெயர் வந்துவிடும்.

2. எங்கே முதலில் பார்ப்பது

எல்லா இடத்தையும் ஒரே அளவில் சோதிக்க முடியாது, தேவையும் இல்லை. ஆபத்து கூடும் இடங்கள் அடையாளம் தெரிபவை. ஊருக்கு வெளியே தனியாக இருக்கும் தரம் பிரிக்கும் கொட்டகை. குடும்பமாகத் தங்கி எடைக்கணக்கில் கூலி வாங்கும் இடம். கணவனுக்கும் மனைவிக்கும் சேர்த்து 'ஜோடி'க் கணக்கு எழுதும் இடம் (அங்கே மனைவியின் கூலி அவர் கைக்கு வருவதே இல்லை). காட்பாடி ஜங்ஷனில் இறங்கிய வெளிமாநிலத்தவரை ஒரே ஏஜென்ட் மொத்தமாகக் கொண்டுவந்த இடம். இருளர், நரிக்குறவர், அருந்ததியர் குடும்பங்கள் வேலை செய்யும் இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். வங்கி கடன் தராத, நிலமில்லாத, போலீஸ் நிலையத்துக்குள் போகவே தயங்கும் குடும்பங்களைத்தான் முன்பணம் சுலபமாகப் பிடிக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினரைக் கொத்தடிமையாக வேலை வாங்குவது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றம்.

3. விலையிலேயே தடுப்பது

அடிமைத்தனம் பெரும்பாலும் டெண்டர் விலையில் தொடங்குகிறது. மிகக் குறைந்த விலை கேட்டவருக்கு வேலையைக் கொடுத்துவிட்டு, பிறகு தணிக்கைக்கு ஆள் அனுப்புவது பயனற்றது. முதலில் ஒரு ஆளுக்கான அடிவிலையைப் போடுங்கள். உதாரணத்துக்கு நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கணக்கில், அந்தப் பணிக்கு நடப்பில் இருக்கும் குறைந்தபட்சக் கூலியைப் பஞ்சப்படியோடு சேர்த்துப் போடவேண்டும்.

- 26 நாள் கூலி: 13,000
- பி.எஃப். நிறுவனப் பங்கு, நிர்வாகச் செலவு, காப்பீடு சேர்த்து 13 சதவீதம்: 1,690
- இ.எஸ்.ஐ. நிறுவனப் பங்கு 3.25 சதவீதம்: 422.50
- போனஸ் 8.33 சதவீதம்: சுமார் 1,083

மொத்தம் சுமார் 16,195 ரூபாய். இதில் கிராஜுவிட்டி, சம்பளத்துடன் விடுப்பு, கையுறை, பூட்ஸ், சீருடை, காண்ட்ராக்டரின் லாபம் எதுவும் இல்லை. வார விடுமுறையில் நிற்க மாற்று ஆளும் வேண்டும்: ஆறு பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. குப்பை ஞாயிற்றுக்கிழமையும் சேரும். மாற்று ஆளுக்கு விலை போடாத டெண்டரில் யாரோ 30 நாளும் ஓய்வில்லாமல் உழைக்கிறார்.

இந்தத் தொகைக்குக் கீழே ஒருவர் விலை கேட்டால் "எப்படிக் கட்டுப்படியாகும், வரிவரியாகக் காட்டுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். காட்ட முடியாதவரை நிராகரியுங்கள். நீங்களே மாநகராட்சியிடம் விலை கேட்கும்போதும் இதே பட்டியலை இணையுங்கள். அடிவிலைக்குக் கீழே எடுத்த ஒப்பந்தத்தை நேர்மையாக நடத்த வழியே கிடையாது.

4. பணம் எப்போது இறங்குகிறது

வேலை கொடுத்த மாநகராட்சி போன்ற மேலிடத்திலிருந்து பில் பணம் மூன்று மாதம் தாமதமாக வந்தால், காண்ட்ராக்டர் சம்பளத்தைப் பிடித்துவைப்பார், அல்லது வட்டிக்கு வாங்கிக் கொடுப்பார். சம்பளம் வராத தொழிலாளி மளிகைக்கும் வாடகைக்கும் மேஸ்திரியிடம் கைநீட்டுவார். நிறுவனத்தின் தாமதம் அந்த இடத்தில் தொழிலாளியின் கடனாக மாறுகிறது. அதனால்:

காண்ட்ராக்டரின் பில்லை இரண்டாகப் பிரியுங்கள். கூலிப் பகுதியை ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள், மேலிருந்து பணம் வந்தாலும் வராவிட்டாலும், கொடுத்துவிடுங்கள். சேவைக் கட்டணப் பகுதியை ஆவணங்கள் சரிபார்த்த பிறகு கொடுங்கள். இதற்கு இரண்டு மாதக் கூலிக்குச் சமமான தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவைக்க வேண்டும். முடியாது என்றால் அத்தனை ஆளுக்கான ஒப்பந்தத்தை எடுக்கும் பலம் நிறுவனத்துக்கு இன்னும் வரவில்லை.

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கைக்கு வரவேண்டும். வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் பாக்கி தீரவேண்டும். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு இரண்டையும் சொல்கிறது. காண்ட்ராக்டர் கொடுக்காவிட்டால் அவருக்கு வேலை கொடுத்த முதன்மை நிறுவனம் கொடுக்க வேண்டும் என்ற விதி 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது, இப்போதும் தொடர்கிறது. ஆக, "அது காண்ட்ராக்டர் பிரச்சினை" என்று சொல்ல இடமில்லை.

ஒப்பந்தத்தில் கட்டாயம் வரவேண்டிய வரிகள்: எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் உள்குத்தகை கிடையாது, ரயில் டிக்கெட் செலவு உட்பட, வேலை தருவதற்காகத் தொழிலாளியிடம் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது, வேலையோடு முடிச்சுப் போட்ட முன்பணம் கிடையாது, ஆதார், ரேஷன் கார்டு, ஏ.டி.எம். கார்டு எதன் அசலையும் வாங்கி வைக்கக் கூடாது. 18 வயதுக்குக் கீழ் யாரும் கிடையாது. முன்னறிவிப்பு இல்லாமல் வேலையிடத்துக்கும் தங்குமிடத்துக்கும் வந்து தொழிலாளியோடு தனியாகப் பேச உங்களுக்கு உரிமை. கூலி தவறினால் அவர் பில்லில் கழித்து நீங்களே நேரடியாகக் கொடுக்கும் உரிமை. வயது பற்றி: சட்டம் 14 வயதுக்குக் கீழ் முற்றிலும் தடை செய்கிறது, 14 முதல் 18 வரை ஆபத்தான வேலைகளில் தடை செய்கிறது. குப்பையில் ஊசியும் கண்ணாடியும் ரசாயனமும் கலந்து வருவதால் 18 என்று ஒரே கோடு போடுவதுதான் சரி.

5. முன்பணத்துக்கு மாற்று

அட்வான்ஸைத் தடைசெய்து ஒரு சுற்றறிக்கை ஒட்டிவிட்டால் தொழிலாளியின் தேவை தீராது. அவர் கந்துவட்டிக்கோ தண்டலுக்கோ போவார். 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இருந்தும் அந்தத் தொழில் நடக்கிறது. எனவே நிறுவனமே ஒரு கடன் திட்டம் வைக்க வேண்டும். அதன் வடிவம் முக்கியம்:

ஒரு மாதக் கூலிக்கு மேல் போகக் கூடாது. வட்டி கிடையாது. மாதப் பிடித்தம் கூலியில் 10 சதவீதம்; 13,000 ரூபாய்க் கூலிக்கு 1,300, பத்து மாதத்தில் முடியும். ஒவ்வொரு சம்பளச் சீட்டிலும் பாக்கி எவ்வளவு என்று தமிழிலோ அவர் படிக்கும் மொழியிலோ இருக்க வேண்டும். கணவர் கடனுக்கு மனைவி கூலியில் பிடிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வேலையை விட்டுப் போகும்போது பாக்கியைக் காரணம் காட்டி ஒரு நாள் கூட நிறுத்தக் கூடாது, கடைசிச் சம்பளத்தைப் பிடித்துவைக்கவும் கூடாது. இந்தக் கடைசி விதி இல்லாவிட்டால் வட்டியில்லாத நல்ல கடனும் கொத்தடிமைக் கடனாகிவிடும்.

நஷ்டம் வராதா என்ற கேள்வி நியாயமானது. 100 பேரில் 50 பேர் கடன் வாங்கி, சராசரியாக 6,500 ரூபாய் பாக்கி நின்றால் வெளியே இருப்பது 3,25,000. அதில் ஐந்து பேர் கட்டாமல் போனால் 32,500 போகும். அதை வருடச் செலவாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் வாங்கும் காரணங்களில் நோய் முக்கியமானது. இ.எஸ்.ஐ. உண்மையில் வேலை செய்தால் சிகிச்சையும், வேலைக்கு வராத நாளுக்குக் கூலியில் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள் வரையும் கிடைக்கும். அட்டை எண் ஒதுக்கியதோடு நிறுத்தாமல், எந்த மருந்தகம், என்ன எடுத்துப் போகவேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் காட்டிக் கொடுங்கள். தூய்மைப் பணியாளர் நல வாரியப் பதிவும் செய்து தரலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய காண்ட்ராக்டரை மாற்றும்போது "அவர் கொடுத்த அட்வான்ஸை நாங்க செட்டில் பண்ணிட்டு ஆளை எடுத்துக்கறோம்" என்று சிலர் நல்லெண்ணத்தில் செய்கிறார்கள். சூளைகளில் ஆட்கள் கைமாறுவது இப்படித்தான். அது ஆளை விலைக்கு வாங்குவது. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் 6-ஆவது பிரிவுப்படி கொத்தடிமைக் கடன் ஏற்கெனவே ஒழிந்துபோன கடன். அந்தக் கடனுக்காகப் பணம் வாங்கிக்கொள்வதும் 9-ஆவது பிரிவின்படி குற்றம்.

6. மாதாந்திர ஆவணச் சோதனை

பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது சோதனை ஆகாது. ஒரு காகிதத்தை இன்னொன்றோடு உரச வேண்டும்.

வருகைப் பதிவேட்டை வண்டியின் ஜி.பி.எஸ்., எடைமேடைச் சீட்டு இரண்டோடும் ஒப்பிடுங்கள். பதிவேட்டில் நான்கு பேர், ஆனால் அன்று அந்த வண்டி இறக்கிய எடை ஆறு பேர் வேலை என்றால், பெயரில்லாத இருவர் யார்? காலை 6 மணிக்குக் கிளம்பிய வண்டி இரவு 8 மணிக்கு ஷெட்டுக்கு வந்தால் இரட்டைக் கூலி ஓவர்டைம் எங்கே?

வங்கிப் பரிவர்த்தனையில் பார்க்க வேண்டியவை: பல தொழிலாளர் கணக்குக்கு ஒரே செல்போன் எண், கணவன், மனைவி இருவர் கூலியும் ஒரே கணக்கில், மேஸ்திரியின் உறவினர் கணக்கு. கணக்கில் பணம் போவது மட்டும் போதாது. சம்பளம் ஏறிய அன்றே ஒரே ஏ.டி.எம்.மில் வரிசையாக முழுத்தொகையும் எடுக்கப்படுகிறது என்று தொழிலாளர் பேச்சில் தெரிந்தால், கார்டுகள் ஒருவர் பையில் இருக்கின்றன.

பி.எஃப். கட்டியதற்கான செலானில் வேலை நாட்கள் குறைவாகவும் பதிவேட்டில் 26 என்றும் இருந்தால் யாரோ பணத்தைச் சுருட்டுகிறார்கள். ஒரு மாதம் முழுக்க ஒருவரும் லீவு எடுக்காத பதிவேடு, ஒரே ஆள் வைத்த கைநாட்டு வரிசை, எல்லோருக்கும் ஒரே தொகை முழு எண்ணில்: இவை மூன்றும் உட்கார்ந்து ஒரே நாளில் எழுதிய புத்தகத்தின் அடையாளங்கள். 10 பேரின் பி.எஃப். பாஸ்புக்கை அவரவர் போனிலேயே திறக்கச் சொல்லிப் பார்த்தால் போலி செலான் பிடிபடும்.

7. தொழிலாளியோடு பேசுவது

காகிதம் எல்லாம் சுத்தமாக இருந்து, ஆள் அடிமையாக இருக்கலாம். பேசாமல் தெரியாது. ஒவ்வொரு இடத்திலும் பத்தில் ஒருவர், அல்லது குறைந்தது பத்துப் பேர். பத்துப் பேருக்குக் கீழ் என்றால் எல்லோரும். யாரோடு பேசுவது என்று நீங்கள் தேர்ந்தெடுங்கள். சூப்பர்வைசர் அழைத்துவரும் ஆட்களோடு மட்டும் பேசினால் அவர் பேச்சைத்தான் கேட்பீர்கள். பெண்களோடு பெண் பேசவேண்டும். வார்டில் வேலை முடிந்து டீக்கடையில் நிற்கும் நேரம் நல்லது. ஆபீஸ் அறை கூடாது. ஹிந்தி, வங்காளம், ஒடியா பேசுபவர்களுக்கு மொழிபெயர்க்க மேஸ்திரியின் ஆளை உட்காரவைத்தால் அந்தப் பேட்டியைக் கிழித்துப் போடலாம்.

"அட்வான்ஸ் வாங்கினீங்களா?" என்று நேராகக் கேட்டால் "இல்லீங்க" என்றே வரும். சுற்றிக் கேளுங்கள்:

"போன பொங்கலுக்கு ஊருக்குப் போனீங்களா அக்கா? குடும்பமா எல்லாரும் போனீங்களா, இல்ல யாராவது இங்கயே இருந்தாங்களா?" குடும்பத்தில் ஒருவரைப் பிடித்துவைத்து மற்றவரை அனுப்புவது பழைய வழக்கம்.

"பக்கத்துல வேற வேலை நூறு ரூபா அதிகமா கெடச்சா போவீங்களா அண்ணா?" "எப்படிப் போறது" என்ற பதிலுக்குப் பின்னால்தான் விஷயம் இருக்கிறது.

"ஏ.டி.எம். கார்டு உங்க கிட்ட இருக்குதா? நம்பர் யாருக்குத் தெரியும்?"

"உடம்பு சரியில்லன்னு ரெண்டு நாள் வரலன்னா யாரு வீட்டுக்கு வருவாங்க?"

"பாக்கி எவ்ளோ இருக்குதுன்னு யாரு எழுதி வெச்சிருக்காங்க? அந்த நோட்டை நீங்க பார்த்திருக்கீங்களா?"

சொன்னவரின் பெயரை அறிக்கையில் எழுதாதீர்கள். அவர் சொன்னதை அன்றே காண்ட்ராக்டரிடம் கேட்டுவிடவும் கூடாது. ஐந்து பேரோடு பேசியிருந்தால் யார் சொன்னது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

8. தங்குமிடம்

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவுச் சகதித் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். வேலையிடத்திலேயே தூங்க வைப்பதன் ஆபத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கழிவுத் தொட்டி, கழிவை அழுத்திக் கட்டும் பேலிங் மெஷின், பிளாஸ்டிக் குவியல் இருக்கும் வளாகத்துக்குள் யாரும் தங்கக் கூடாது என்று விதி வையுங்கள்.

இரவு 8 மணிக்கு மேல் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். கேட்டின் பூட்டு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? சாவி யாரிடம்? பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள், பகலில் எங்கே இருக்கிறார்கள்? கடைக்குப் போக வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டுமா? அறை வாடகை, கரண்ட், அரிசி என்று கூலியில் கழிப்பவர் ஒருவரே என்றால், கழித்த தொகைகளின் பட்டியலை வாங்கி ஊர் விலையோடு ஒப்பிடுங்கள்.

9. காயலான் கடை பக்கம்

பெரும்பாலான நிறுவனங்கள் தராசில் எடை போட்டுப் பொருளை விற்றதோடு கண்ணை மூடிக்கொள்ளும் இடம் இது. காயலான் கடைக்காரர்களை வில்லன்களாக்குவது சரியில்லை. வங்கி திரும்பிப் பார்க்காத குடும்பத்துக்கு ராத்திரி பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுப்பவர் பல நேரம் அவர்தான். ஆனால் அந்தப் பணத்துக்கு ஈடாக விலையும் சுதந்திரமும் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

அளந்து பார்க்க வழி இருக்கிறது. ஒரே நாளில் ஒரே தரத்துப் பொருளை, அட்டை ஒரு வகை, பெட் பாட்டில் ஒரு வகை, மூன்று நான்கு கடைகளில் என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பொருளை வாங்கும் கடை தன்னிடம் கடன் உள்ள பொறுக்குபவருக்கு ஒரு விலையும் கடன் இல்லாதவருக்கு இன்னொரு விலையும் கொடுத்தால், அந்த வித்தியாசம் மறைமுக வட்டி. தராசைச் சோதியுங்கள், சீல் வைத்த எடைக்கல்லைக் கையோடு எடுத்துப்போனால் இரண்டு நிமிட வேலை.

திருத்தும் வழி: உங்கள் சேகரிப்பு மையத்தில் விலைப் பலகை வைத்துப் பொறுக்குபவர்களிடம் நேரடியாக வாங்குங்கள். டிஜிட்டல் தராசு, அச்சிட்ட சீட்டு, அன்றே பணம். அன்றே பணம் என்பதில் சமரசம் கூடாது, மாதக் கணக்கு வைத்தால் அவர்கள் மறுபடி கடைக்கே போவார்கள். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே குப்பை பொறுக்குவோரை அமைப்புக்குள் சேர்க்கச் சொன்னவை. உள்ளாட்சி வழியாக அடையாள அட்டை வாங்கிக் கொடுங்கள். பெண்களை மகளிர் சுய உதவிக் குழுவில் சேர்த்தால் அவசரக் கடனுக்கு இன்னொரு கதவு திறக்கும். அரைக்கும் யூனிட், ஈயம் உருக்கும் இடம், டயர் எரிக்கும் யூனிட் ஆகியவற்றுக்கு விற்கும் முன் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியைக் கேளுங்கள். அனுமதியில்லாத யூனிட்டில் தொழிலாளர் கணக்கும் இருக்காது.

10. வாங்கும் பொருள்கள்

இதில் சிறு நிறுவனத்தால் செய்யக்கூடியது கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்தைச் செய்யுங்கள். ஷெட் கட்டச் செங்கல் வாங்கினால் எந்தச் சூளை என்று பில்லில் எழுதச் சொல்லி, ஒருமுறை போய்ப் பாருங்கள். நம் வட்டாரத்தில் முதல் கவனம் இங்கேதான். ரப்பர் கையுறைக்குத் தயாரித்த நாடும் நிறுவனமும் தெரியவேண்டும். கட்டாய உழைப்புப் புகாரில் மலேசியக் கையுறைகளை 2020-ல் அமெரிக்கச் சுங்கத் துறை தடுத்து நிறுத்தியது. துடைப்பம், சீருடைக்கு வீட்டில் வைத்து வேலை செய்பவர்களின் துண்டுக் கூலியைக் கேட்டு, எட்டு மணி நேரத்துக்கு என்ன வருகிறது என்று கணக்குப் போட்டால் போதும்.

தோல், காலணி ஏற்றுமதி நிறுவனங்களிடம் குப்பை எடுப்பவர்களுக்கு இந்தக் கேள்விகள் ஒரு படிவமாக எப்படியும் வரும். பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டம் ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களிடம், தங்கள் சங்கிலியில் அடிமைமுறையைத் தடுக்க என்ன செய்தார்கள் என்று ஆண்டறிக்கை கேட்கிறது. கட்டாய உழைப்பில் வந்த பொருளை விற்கத் தடைபோடும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 2027 டிசம்பர் 14 முதல் அமலாகிறது. மேலே சொன்ன சார்ட், அடிவிலைக் கணக்கு, சோதனைக் குறிப்புகள் இருந்தால் அந்தப் படிவத்தை ஒரே நாளில் நிரப்பலாம்.

11. கண்டுபிடித்துவிட்டால்

முதலில் செய்யக் கூடாதவை. காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுச் சத்தம் போடக் கூடாது. அன்று ராத்திரியே லாரியில் ஏற்றி ஆட்களை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார். ஒப்பந்தத்தை உடனே ரத்து செய்யக் கூடாது, அதே காரணம். "பேசி முடிச்சுக்கலாம்" என்று சமரசம் செய்யவே கூடாது.

செய்ய வேண்டியது: அன்றே மாவட்ட ஆட்சியருக்கோ வருவாய்க் கோட்டாட்சியருக்கோ தகவல் கொடுங்கள். வேலூர் மாவட்டத்தில் வேலூர், குடியாத்தம் என இரண்டு கோட்டங்கள்; ராணிப்பேட்டை மாவட்டத்தில் ராணிப்பேட்டை, அரக்கோணம்; திருப்பத்தூரில் திருப்பத்தூர், வாணியம்பாடி. 2019-ல் மாவட்டம் பிரிந்ததில் எந்த இடம் யாருக்கு வருகிறது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருங்கள். சோதனை நாளில் எல்லைக் குழப்பத்தால் மணிக்கணக்கு போகும். சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுநாள் வரை காத்திருக்க வேண்டாம், அந்தக் கூட்டத்தில் இதைச் சொல்லவும் வேண்டாம். இடம், ஆட்கள் எண்ணிக்கை, பிள்ளைகள் உண்டா, என்ன மொழி, எப்போது எல்லோரும் அங்கே இருப்பார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையில் கொடுங்கள். பிள்ளைகள் இருந்தால் 1098, உயிருக்கு ஆபத்து என்றால் 112, இலவசச் சட்ட உதவிக்கு 15100.

விசாரணையில் ஒவ்வொருவரின் வாக்குமூலமும் தனித்தனியே பதிவாக வேண்டும். கணவர் பெயரில் மட்டும் எழுதி மனைவியையும் வளர்ந்த பிள்ளைகளையும் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை; அதனால் கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான விடுதலைச் சான்றிதழும் அவர்களுக்குக் கிடைக்காது, பணமும் கிடைக்காது. விடுதலைச் சான்றிதழ் கையில் இல்லாமல் யாரையும் ஊருக்கு அனுப்ப விடாதீர்கள். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவி 30,000 ரூபாய் வரை உண்டு, வழக்கு முடியக் காத்திருக்க வேண்டியதில்லை. பிறகு ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலையில் மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம்.

இதற்கெல்லாம் நடுவில் நிறுவனத்தின் சொந்தக் கடமை: குறைத்துக் கொடுத்த கூலியை, வேலை செய்த முதல் நாளிலிருந்து கணக்குப் போட்டு, அவரவர் கணக்கில் நீங்களே செலுத்துங்கள். காண்ட்ராக்டரிடமிருந்து வசூலிப்பது உங்கள் பாடு. இங்கேயே தொடர விரும்புபவர்களுக்கு நேரடி வேலை கொடுங்கள், விரும்பாதவர்களை வற்புறுத்தாதீர்கள். மூன்றாவது மாதமும் ஆறாவது மாதமும் போன் செய்து, உடனடி உதவித் தொகை வந்ததா, கடன் கொடுத்த பழைய ஆள் வீட்டுக்கு வந்து கணக்குக் கேட்டாரா என்று விசாரியுங்கள். கேட்டிருந்தால் தேதியையும் அவர் சொன்ன வார்த்தையையும் குறித்து, விடுதலைச் சான்றிதழின் நகலோடு கோட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.